முறையும் முறையீடும்: ஒரு பந்தய அணித் தலைவர் மீதான பணியிடக் குற்றச்சாட்டை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தமிழில் 'முறை' என்னும் சொல் ஒழுங்கு, வழி, நீதி, உறவு எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. அரசன் நீதி வழங்குதலை 'முறை செய்தல்' எனத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் சுட்டுகிறது. நீதி வேண்டி நிற்பவர் எழுப்பும் குரலும் இச்சொல்லடியாகப் பிறந்து 'முறையீடு' என வழங்குகிறது. நீதி, நீதியை அடையும் வழி, நீதி கிடைக்காதவரின் குரல் ஆகிய மூன்றும் ஒரே சொல்வழிப்பட்டனவாக இருத்தல் கருதத்தக்கது. முறையீட்டிற்குத் தரப்படும் விடை ஒரு முடிவாக மட்டும் இருந்தால் போதுமா, அம்முடிவை எட்டிய வழியும் விடையின் பகுதியாக அமைய வேண்டுமா என்னும் வினா இச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இவ்வினாவை ஆராய்வதற்கு 2024ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் மோட்டார் பந்தய உலகில் எழுந்த ஒரு பணியிடக் குற்றச்சாட்டு தக்க களமாக அமைகிறது. குற்றம் நிகழ்ந்ததா இல்லையா என்று துணிவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரிய சான்றுகள் பொதுவெளியில் இல்லை. சான்றுகள் வெளிப்படாத நிலையில் ஒரு நிறுவனத்தின் கடமை யாது, அதனைப் புறத்தே நின்று காண்போரின் கடமை யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

நிகழ்வின் போக்கு

ஆஸ்திரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெட் புல் நிறுவனம் 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஜாகுவார் பந்தய அணியை வாங்கியது. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் இயங்கும் அவ்வணியின் தலைமைப் பொறுப்பைக் கிறிஸ்டியன் ஹார்னர் 2005 சனவரியில் ஏற்றபோது அவருக்கு வயது 31. அவர் தலைமையில் அணி 6 முறை அணிகளுக்கான உலகப் பட்டத்தையும், அதன் ஓட்டுநர்கள் 8 முறை ஓட்டுநர்களுக்கான உலகப் பட்டத்தையும் வென்றனர். 2023ஆம் ஆண்டின் 22 பந்தயங்களில் 21 இவ்வணிக்கே உரியவாயின.

2024 பிப்ரவரி 5 அன்று, ஹார்னர் மீது அணியின் பணியாளர் ஒருவர் தகாத நடத்தை குறித்து அளித்த முறையீட்டின்பேரில் சார்பற்ற விசாரணை தொடங்கப்பட்டுள்ளதாகத் தாய் நிறுவனம் உறுதிசெய்தது. ஹார்னர் குற்றச்சாட்டை முற்றிலும் மறுத்தார். விசாரணைப் பொறுப்பு நிறுவனத்திற்கு வெளியிலிருந்த வழக்குரைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விசாரணைக் காலத்திலும் ஹார்னர் பதவியில் நீடித்தார். பிப்ரவரி 28 அன்று முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. விசாரணை நேர்மையாகவும் நடுநிலையோடும் நடைபெற்றது என்றும், அறிக்கையில் இருதரப்பினர், விசாரணைக்கு உதவியோர் ஆகியோரின் தனிப்பட்ட செய்திகள் இருத்தலின் அது வெளியிடப்படாது என்றும் அவ்வறிவிப்பு கூறிற்று.

மறுநாளே, இவ்விவகாரத்தின் சான்றுகள் எனக் கூறப்பட்ட கோப்புகள் பெயரற்ற மின்னஞ்சல் வழியாகச் செய்தியாளர் பலருக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் மெய்ம்மை பொதுவெளியில் நிறுவப்படவில்லை. மார்ச் 2 அன்று பஹ்ரைனில் நடைபெற்ற ஆண்டின் முதற்பந்தயத்தில் அவ்வணியின் ஓட்டுநர்கள் முதலிரண்டு இடங்களைப் பெற்றனர். அடுத்த வாரத்தில் முறையிட்டவர் இடைநீக்கம் செய்யப்பட்டார் என்னும் செய்தி வெளிவந்தது. அவர் செய்த மேல்முறையீடு வேறொரு வழக்குரைஞரால் ஆராயப்பட்டு, அதுவும் ஏற்கப்படவில்லை என 2024 ஆகஸ்ட் 8 அன்று அறிவிக்கப்பட்டது. 2025 சூலை 9 அன்று ஹார்னர் அணியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்கான காரணத்தை நிறுவனம் கூறவில்லை.

முடிவும் காரணமும்

மேற்கண்ட போக்கில் இருமுறை முடிவு கூறப்பட்டது. ஒருமுறையும் காரணம் வெளியே கூறப்படவில்லை. நிறுவனம் வழுவிற்று என்று இதனைக் கொண்டு மட்டும் சொல்லிவிட இயலாது. இங்கிலாந்தின் பணியிட நடைமுறையில் உள்விசாரணை என்பது பணியாளருக்கும் பணியளிப்பவருக்கும் இடைப்பட்டது. முறையீட்டைக் கேட்டறிதலும், மேல்முறையீட்டை முன்னர்த் தொடர்பில்லாதவர் ஒருவரைக் கொண்டு ஆராய்தலும் அங்கு வற்புறுத்தப்படுகின்றன. அறிக்கையை ஊரறிய வெளியிடுதல் வற்புறுத்தப்படவில்லை. மாறாக, ஒரு வழக்கு பணியாளர் தீர்ப்பாயத்திற்குச் செல்லுமாயின் விசாரணை பொதுவாக வெளிப்படையாக நடைபெறும். தீர்ப்பும் பொது ஆவணமாகும். ஆகவே சட்டத்தின் கண்ணில் நிறுவனத்தின் மௌனம் இயல்பானதே. அறத்தின் கண்ணில் அது போதுமானதா என்பது வேறு வினா.

காரணம் கூறப்படாத முடிவால் முதலில் இழப்புறுபவர் குற்றம் சாட்டப்பட்டவரே. அவர் குற்றமற்றவராயின், அதனைப் பிறர் உணரும் வாய்ப்பு அம்முடிவினால் கிட்டுவதில்லை. 'தள்ளுபடி' என்னும் ஒரு சொல் அவரது பதவியைக் காக்கலாம், பெயரைக் காக்காது. அடுத்து இழப்புறுபவர் முறையிட்டவர். அவர் கூற்று ஆராயப்பட்டுச் சான்றின்மையால் விடப்பட்டதா, நிகழ்ந்தது உண்மையெனினும் விதிமீறல் ஆகாது எனக் கொள்ளப்பட்டதா, பொய்யெனக் காணப்பட்டதா என்பது தெரியாமையால், இம்மூன்றனுள் மிகக் கொடியதையே ஊரார் அவர்மேல் ஏற்றுவர். இருவரையும் காப்பதற்காகப் போடப்பட்ட திரை இருவரையும் காவாது போதல் இவ்வாறு நேர்கிறது.

சிலப்பதிகாரம் காட்டும் இருவகை வழக்கு

தமிழ் அறமரபு இச்சிக்கலைத் தன் பெருங்காப்பியம் ஒன்றின் நடுவிடத்தில் வைத்து நோக்கியுள்ளது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரே பொருள் குறித்து இரண்டு விசாரணைகள் நிகழ்கின்றன. முதலாவது, பொற்கொல்லன் கூற்றைக் கேட்டுப் பாண்டியன் கோவலனுக்கு விதித்த தண்டனை. இரண்டாவது, கண்ணகி அரசவை புகுந்து தொடுத்த வழக்கு. இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போது அறக்கருத்து முழுமை பெறுகிறது.

முதல் விசாரணையில் மூன்று குறைகள் உள. குற்றம் சாட்டப்பட்டவனின் மறுமொழி கேட்கப்படவில்லை. சொல்பவனுக்கு அவ்வழக்கில் தன்னலம் உண்டா என்று ஆராயப்படவில்லை. அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் அரசன் மனம் வேறிடத்தில் இருக்கும்போதே ஆணை பிறக்கிறது. குற்றச்சாட்டே குற்றத்திற்குச் சான்றாகிவிடும் இந்நிலைக்குக் கோவலன் பலியாகிறான். இன்று ஒரு குற்றச்சாட்டு எழுந்த அளவிலேயே சாட்டப்பட்டவரைப் பதவியிறக்க வேண்டும் என்று கூறுவோர் இப்பகுதியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் விசாரணை இதற்கு நேர்மாறானது. முறையிடுபவள் தன் ஊரையும் பெயரையும் வழக்கையும் உரைக்க இடம் தரப்படுகிறது. தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் ஊரினள் என்று அவள் கூறிக்கொள்வது, ஆள்வோனின் மனையையும் நீதி தீண்டும் என்னும் மரபை அவைக்கு நினைவூட்டுவதாகும். சிலம்பின் பரல் யாது என்னும் ஒரு வினாவில் வழக்கு நிறுத்தப்படுகிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று கூறும் அரசனே சான்றுப்பொருளை அவைக்கண் கொணரச் செய்கிறான். சிலம்பு உடைபட்டு மாணிக்கம் தெறித்தபோது, எதனால் முடிவு மாறிற்று என்பதை அவையோர் அனைவரும் கண்கூடாகக் கண்டனர். பிறர் சொல்ல வேண்டாதே அரசன் தன் பிழையை ஏற்றான்.

சாட்டப்பட்டவரைக் கேளாது தண்டித்தல், முறையிட்டவருக்குக் காரணம் காட்டாது விடுத்தல் ஆகிய இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பதை இக்காப்பியப் பகுதி உணர்த்துகிறது. ஆயினும் பழைய அவையை இன்றைய பணியிடத்தோடு அப்படியே பொருத்திவிட முடியாது. கண்ணகியின் வழக்கு ஒரு பொருளைப் பற்றியது. அதனை உடைத்துக் காட்டலாம். பணியிட நடத்தை பற்றிய வழக்கில் உடைக்கப்படுவது மனிதரின் அந்தரங்க வாழ்வு. எனவே மறைகாப்பின் தேவையை ஆராய்தல் அடுத்த படியாகிறது.

மறைகாப்பு யாருக்கு உரியது?

இந்தியாவில் 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. ரெட் புல் விவகாரத்தில் முறையீட்டின் முழு உள்ளடக்கம் அலுவல்முறையில் வெளியிடப்படவில்லை. இந்தியச் சட்டம் அதற்குப் பொருந்துவதும் இல்லை. எனினும் மறைகாப்பைப் பற்றித் தெளிவாகச் சிந்தித்த சட்டம் என்னும் வகையில் அது ஒப்புநோக்கத்தக்கது.

முறையிட்டவர், சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடுவதை அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. அதே பிரிவு, பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் இன்னார் என்று அறியப்படாத வகையில், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்த நீதியைப் பற்றிய செய்தியை வெளியிட இடமளிக்கிறது. 13ஆம் பிரிவின்படி விசாரணை அறிக்கை உரிய தரப்பினர் இருவருக்கும் கிடைத்தல் வேண்டும். பணியளிப்பவர் மீதே முறையீடு எழுமாயின், அதனை நிறுவனத்தின் உட்குழு ஆராய்வதில்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு ஆராய்கிறது. மறைகாப்பு மனிதருக்கு உரியது, நிறுவனத்தின் நடைமுறைக்கு உரியதன்று என்னும் கருத்து இவ்விதிகளின் பின்னே நிற்கக் காணலாம்.

இப்பாகுபாடு இன்றியமையாதது. யார் யாரிடம் என்ன கூறினர் என்பது மனிதரைச் சார்ந்தது. விசாரித்தவரை நியமித்தவர் யார், அவருக்கு வரையறுத்துத் தரப்பட்ட வினாக்கள் யாவை, எத்தனை பேர் விசாரிக்கப்பட்டனர், எவ்வளவு சான்று போதுமெனக் கொள்ளப்பட்டது, முறையிட்டவருக்கு எத்தகைய பாதுகாப்பு அளிக்கப்பட்டது என்பன நடைமுறையைச் சார்ந்தவை. இவற்றை வெளியிடுவதால் எவர் அந்தரங்கமும் குலைவதில்லை. ரெட் புல் நிறுவனம் நியமித்தவர் வெளியாள் என்பது மெய்யே. ஆனால் அவரை நியமித்ததும், அவர் முடிவை ஏற்றதும், அம்முடிவால் பயனோ இழப்போ அடைவதும் ஒரே நிறுவனம். விசாரிப்பவர் எத்துணை நேர்மையாளராயினும், அந்நேர்மையைப் பிறர் அறியும் வழியை அமைக்க வேண்டியவர் அவரை நியமித்தவரே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சிறு பணியிடத்தில் நடைமுறையைச் சுருக்கிக் கூறினாலும் ஆட்கள் அடையாளம் காணப்படுவர். மறைகாப்பு உறுதியளிக்கப்பட்டதனாலேயே சாட்சிகள் வாய் திறந்திருப்பர். முறையிட்டவரே முழு மௌனத்தை விரும்பக்கூடும். இம்மறுப்பு வலிமையுடையது. இதனை ஏற்குமிடத்தும் ஒரு கடன் எஞ்சுகிறது. ஊருக்குக் காரணம் கூற இயலாதபோது, வழக்கின் இரு தரப்பினருக்கும் காரணத்தை முழுமையாகக் கூறுதலே அக்கடன். முடிவோடு உடன்படாதவரும் அது எவ்வாறு எட்டப்பட்டது என்பதை அறிந்தால்தான் மேல்முறையீடு பொருளுடையதாகும்.

வெற்றி சான்றாகுமா?

காரணம் வெளிப்படாத வெற்றிடத்தை வேறு பொருள்கள் வந்து நிரப்புகின்றன. அவற்றுள் முதன்மையானது சாட்டப்பட்டவரின் புகழ். இருபதாண்டுகளில் பெற்ற பட்டங்களைச் சுட்டி ஹார்னருக்காகப் பேசியோர் உண்டு. பந்தயத் திறனும் பணியாளரிடம் ஒழுகும் பண்பும் வெவ்வேறானவை. ஒன்று மற்றொன்றிற்குச் சான்றாகாது. அன்பு, அறிவு, செயல் தெளிவு, அவாவின்மை ஆகியவற்றை ஒருங்கே நோக்கிப் பொறுப்பளிக்க வேண்டும் எனத் திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம் கூறுவது, ஒரு திறனைக் கொண்டு ஏனைய பண்புகளைத் துணிந்துவிடலாகாது என்பதனாலேயாம். அவ்வாறே, பெருவெற்றி பெற்றவர் செருக்குடையவராகத்தான் இருப்பார் என எதிர்நிலையில் துணிவதும் பிழையே.

இரண்டாவதாக வந்து நிரப்புவது பிறர் நலன். மெர்சிடஸ் அணியின் தலைவர் டோட்டோ வோல்ஃப், மெக்லாரன் நிறுவனத் தலைவர் சாக் பிரவுன் ஆகியோர் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்றனர். இருவரும் போட்டியாளர்கள். உலகப் பட்டம் வென்ற ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் தந்தை யோஸ் வெர்ஸ்டாப்பன், ஹார்னர் நீடித்தால் அணி பிளவுறும் என்றார். நிறுவனரான டீட்ரிக் மேட்டஷிட்ஸ் 2022இல் மறைந்தபின், 51 விழுக்காட்டுப் பங்குடைய தாய்லாந்துக் குடும்பத்திற்கும் 49 விழுக்காட்டுப் பங்குடைய ஆஸ்திரியத் தரப்பிற்கும் இடைப்பட்ட அதிகாரப் போட்டியாகவே இவ்விவகாரத்தைச் செய்தி ஏடுகள் பல விவரித்தன. தன்னலமுடையவர் கூறுவதால் மட்டும் ஒரு கோரிக்கை நீதியற்றதாகிவிடாது. போட்டியாளர் கேட்டாலும் வெளிப்படைத்தன்மை வேண்டற்பாலதே. ஆயினும் இவ்வாரவாரத்தின் நடுவே, பணியிடத்தில் தனக்கு நேர்ந்ததாகக் கருதிய ஒன்றை உரிய இடத்தில் முறையிட்ட ஒரு பெண் பிறர் ஆட்டத்தின் காயாக மட்டுமே கருதப்பட்டார். இந்நிகழ்வின் ஆழ்ந்த அறக்கேடு இதுவே எனலாம்.

2025இல் ஹார்னர் விலக்கப்பட்டபோது அணி பட்டியலில் நான்காம் இடத்திற்கு இறங்கியிருந்தது. விலக்கத்தைத் தோல்வியோடு இணைத்தோரும் உண்டு. பழைய குற்றச்சாட்டோடு இணைத்தோரும் உண்டு. காரணம் கூறப்படாமையால் இரண்டும் ஊகங்களே. வெற்றிக் காலத்தில் நீடித்தமை குற்றமின்மைக்குச் சான்றன்று என்றால், தோல்விக் காலத்தில் நீங்கியமையும் குற்றத்திற்குச் சான்றாகாது.

நிறுவப்படாமையும் பொய்ம்மையும்

முறையீடு தள்ளுபடியான பின் முறையிட்டவர் இடைநீக்கம் செய்யப்பட்டார் என்னும் செய்தி மற்றோர் அறவினாவை எழுப்புகிறது. அதற்குரிய காரணத்தை நிறுவனம் வெளியிடாமையின் அது முறையன்று எனத் துணிதல் இயலாது. எனினும் அச்செய்தியைக் கேட்ட பிற பணியாளர் உள்ளத்தில் எழும் அச்சம் காரணத்திற்காகக் காத்திருப்பதில்லை. முறையிட்டால் வேலை போகும் என்னும் எண்ணம் ஒருமுறை வேரூன்றினால், பின்னர் எழக்கூடிய மெய்யான முறையீடுகளும் தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

நிறுவப்படாத கூற்று வேறு, பொய்க்கூற்று வேறு. தீய எண்ணத்தோடு பொய் முறையீடு செய்வோர் மீது நடவடிக்கை எடுக்க இடமளிக்கும் மேற்சுட்டிய இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, முறையீட்டை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அத்தகைய நடவடிக்கைக்குக் காரணமாகாது எனத் தெளிவுறுத்துகிறது. இருவர் மட்டுமே அறிந்த நிகழ்வுகளில் சான்று கிடைத்தல் அரிது. சான்று கிடையாமையைப் பொய்யெனக் கொள்ளின், தனிமையில் இழைக்கப்படும் தீங்கு எதற்கும் முறையீடே இல்லை என்றாகிவிடும். சான்றின்றியே மெய்யெனக் கொள்ளினோ, கோவலனுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம். ஆதலின் சாட்டப்பட்டவரைக் குற்றமற்றவராக நடத்துதலும், முறையிட்டவரை நன்னோக்கினராக நடத்துதலும் ஒருங்கே கைக்கொள்ளத்தக்கன. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சமன்செய்யும் கோலை நடுவுநிலைமைக்கு உவமையாகக் கொண்ட மரபினர்க்கு இது புதிதன்று.

காண்போர் கடமை

புறத்தே நின்று காண்போர் நிலையை ஆராய்தற்குப் புறங்கூறாமை என்னும் அதிகாரத் தலைப்பு துணைசெய்கிறது. புறங்கூறலுக்கும் முறையீட்டிற்கும் உள்ள வேறுபாடு பேசப்படும் பொருளில் இல்லை. கேட்பவரின் நிலையில் உள்ளது. தீர்க்கும் ஆற்றலும் கடமையும் உடையவரிடம் கூறுவது முறையீடு. அவ்விரண்டும் இல்லாதவரிடம் கூறுவது புறங்கூறல். பெயரற்ற மின்னஞ்சலில் பரவிய கோப்புகள் மெய்யாகவே இருப்பினும், அவற்றைப் பெற்ற ஊரார்க்குத் தீர்க்கும் ஆற்றல் இல்லை. முறையிட்டவரின் ஒப்புதலோடு அவை பரப்பப்பட்டனவா என்பதும் அறியப்படவில்லை. அவற்றைத் தேடிப் படித்துத் தீர்ப்புரைத்தோர் நீதிக்கு உதவியவராகார்.

'அறியேம்' என்று கூறுவதும் ஓர் அறநிலையே. ஆனால் அது அக்கறையின்மைக்கு மறைவிடமாகிவிடக்கூடாது. மனிதரைப் பற்றித் தீர்ப்புரையாது நிற்பவர், நடைமுறையைப் பற்றி வினவ உரிமையுடையவர். வினவக் கடமைப்பட்டவரும் ஆவர். அணியின் பிற பணியாளர், விளம்பரப் பொருள் தருவோர், பந்தயத்தை நடத்தும் அமைப்புகள், பார்வையாளர் ஆகிய அனைவரும் கேட்கத்தக்க வினா 'அவர் செய்தாரா?' என்பதன்று, 'அடுத்து முறையிடுபவர் எவ்வாறு கேட்கப்படுவார்?' என்பதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. காரணம் காட்டாத முடிவு சாட்டப்பட்டவர், முறையிட்டவர் ஆகிய இருவருக்குமே இழப்பாகிறது. மறைகாப்பு மனிதர்க்கு உரியது. நடைமுறையை மறைப்பதற்கு அது காரணமாகாது. ஊரறியக் கூற இயலாத காரணமும் இரு தரப்பினர்க்குக் கூறப்படுதல் வேண்டும். வெற்றியோ தோல்வியோ ஒழுக்கத்திற்குச் சான்றாகாது. நிறுவப்படாத முறையீட்டைப் பொய்யெனக் கொள்வது முறையீட்டு வாயிலையே அடைப்பதாகும்.

ரெட் புல் அணியில் 2024இல் நிகழ்ந்தது இன்னதென்று புறத்தார் அறியார். அணித் தலைவர் பதவியிலிருந்து நீங்கிவிட்டார். நிறுவனம் உள்விசாரணையை முடித்துக்கொண்டது. ஆனால் அணிகளும் தலைவர்களும் உள்ள பணியிடங்கள் தொடர்கின்றன. பல்கலைக்கழகங்களும் அவற்றுள் அடங்கும். முறை என்னும் சொல்லுக்கு வழி, நீதி என்னும் இரு பொருளையும் ஒருங்கே வைத்த மொழியினர், வழி காட்டாத நீதியை நீதியென ஏற்பதற்கு முன் ஒருமுறையேனும் வினவுதல் கடன்.